ஐந்து ரதத்தில் இருக்கும் அம்மன் கோயில்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நவராத்திரியை ஒட்டித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த பழைமையான அம்மன் கோயில்கள் பற்றிய கட்டுரையை எங்கள் பட்டறையில் எல்லோரும் படித்தோம். மதுரை, காஞ்சிபுரம், கன்னியாகுமரி என்று நல்ல படங்களோடு போட்டிருந்தீர்கள். அந்தப் பட்டியலில் மாமல்லபுரம் இல்லை. அதுகூடப் பரவாயில்லை. அதே இணைப்பின் கடைசிப் பக்கத்துச் சுற்றுலாக் குறிப்பில் திரௌபதி ரதத்தைப் பற்றி, பாஞ்சாலிக்காகப் பல்லவர்கள் குடிசை போலச் செதுக்கியது என்று ஒரு வரி வந்திருக்கிறது. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம்.

நான் இந்த ஊர்ச் சிற்பி. இங்குள்ள சிற்பக் கல்லூரியில் படித்துவிட்டு, ஐந்து ரதம் என்கிற பாறைக் கோயில்களுக்குப் போகிற சாலையில் பட்டறை போட்டவன். எனக்கு அதிகமாக வருகிற ஆர்டர் அம்மன் சிலைதான். துர்க்கை, மாரியம்மன், காளி. அதனால் திரௌபதி ரதம் என்கிற அந்தச் சின்னக் கோயிலை அடிக்கடி போய்ப் பார்க்க வேண்டிய தேவை எனக்கு உண்டு. சந்தேகம் வந்தால் நான் போய் நிற்கிற இடம் அது.

பாஞ்சாலிக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர் பெயர் பிற்காலத்தில் ஊர் வழக்கில் ஒட்டிக்கொண்டது. ஐந்து இருக்கிறது, ஐந்து என்றால் பாண்டவர், அவ்வளவுதான். அப்படிப் பார்த்தாலும் கணக்கு உதைக்கும்: நகுலனையும் சகாதேவனையும் ஒரே ரதத்தில் அடைத்தால்தான் திரௌபதிக்கு இடம் கிடைக்கும். எங்கள் தொண்டை நாட்டில் ஊருக்கு ஊர் திரௌபதி அம்மன் கோயில், பாரதக் கூத்து, தீமிதி எல்லாம் உண்டு. ஆகவே அந்தப் பெயரைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்கிற பாட்டிமார்களும் வருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே இருப்பது ஓர் அம்மன் என்ற அளவில் அவர்கள் சரியாகத்தான் கும்பிடுகிறார்கள். படித்தவர்கள்தான் வாசலில் நின்று கூரையைப் படம் பிடித்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

உள்ளே என்ன இருக்கிறது? பின்சுவரில் நான்கு கைகளோடு, தாமரைப் பீடத்தின் மேல் கொற்றவை நிற்கிறாள். மேலே பூதகணங்கள். காலடியில் இரண்டு பக்கமும் மண்டியிட்ட அடியார்கள். வெளியே, வாசலின் இருபுறமும் காவலுக்கு நிற்பது பெண்கள். சிவன் கோயிலுக்கும் பெருமாள் கோயிலுக்கும் துவாரபாலகர்கள் நிற்பதுபோல, தேவி கோயிலுக்குத் துவாரபாலிகைகள். வாசலுக்கு மேலே மகர தோரணம். சுற்றிக்கொண்டு பின்னால் போனால், கிழக்குச் சுவரில் எருமைத் தலையின் மேல் அதே தேவி நிற்கிறாள். முன்னால் தனிக் கல்லில் ஒரு சிங்கம், அவளுடைய வாகனம். இத்தனையும் பார்த்த பிறகு அது யாருடைய கோயில் என்று சந்தேகப்பட ஒன்றும் இல்லை. சிலப்பதிகாரத்து வேட்டுவ வரியில் கானத்து எருமையின் கருந்தலை மேல் நின்றவளாக அந்த வேட்டுவர்கள் பாடுகிறார்களே, அவளேதான் இவள். பாட்டில் இருந்தவள் கல்லுக்கு வந்திருக்கிறாள்.

அந்த அடியார்களில் ஒருவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு கையால் தன் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் இருக்கும் வாளைத் தன் கழுத்துக்கே கொண்டு போகிறார். தேவிக்குத் தன் தலையைக் கொடுக்கிறவர் அவர். அரிகண்டம், நவகண்டம் என்று சொல்வார்களே, அந்த வழக்கம். போருக்கு முன்னால் வெற்றி வேண்டிக் கொற்றவைக்குத் தன்னையே பலி கொடுத்த வீரர்களுக்கு வைத்த கற்கள் தமிழ்நாட்டில் பல ஊர்களில் கிடைத்திருக்கின்றன. ஒருமுறை பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாக வந்திருந்தபோது ஒரு பையன் அந்த உருவத்தைக் கவனித்துவிட்டு, "எதுக்கு சார் அவரு கழுத்தை அவரே அறுத்துக்கறாரு?" என்று கேட்டான். கூட வந்தவர், "அதெல்லாம் சும்மா டிசைன், வா வா, பஸ் கிளம்பிடும்" என்று இழுத்துக்கொண்டு போனார். அந்தப் பையன் அன்று வந்த கூட்டத்திலேயே சரியான கேள்வி கேட்டவன்.

அந்த உருவத்தை வேலைக்காரனாக நான் பார்ப்பது வேறு மாதிரி. ஒருவன் தன் கழுத்தை அறுக்கும்போது உடம்பு முறுக்கும், தோள் ஏறும், முகம் கோணும். இன்று இதே காட்சியை யாராவது ஆர்டர் கொடுத்தால், ரத்தத்தைத் தவிர எல்லாவற்றையும் நாங்கள் செதுக்கிக் காட்டிவிடுவோம். அந்தச் சிற்பி எதையும் காட்டவில்லை. ஆள் அமைதியாக மண்டியிட்டிருக்கிறார். தேவியின் முகத்தில் கோபமும் இல்லை, சந்தோஷமும் இல்லை. எதிர்ப்பக்கத்து அடியாரும் பதறவில்லை. கல்லூரியில் எங்களுக்கு அம்மன் உருவத்துக்கு மத்திம தசதாலம், அதாவது உச்சியிலிருந்து பாதம் வரை 120 பங்கு என்று அளவு சொல்லிக் கொடுத்தார்கள். அந்த அளவை வைத்துக்கொண்டு பல்லவர் வேலைக்கு முன்னால் நின்றால் நம் கை கொஞ்சம் கூசும். நீளமான கால், மெல்லிய இடை, நகை குறைவு. சோழர் காலத்துக்குப் பிறகுதான் ஆபரணம் ஏறிக்கொண்டே போனது. நாயக்கர் காலத்தில் அம்மனைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். இது என் சொந்த அபிப்பிராயம், மதுரைக்காரர்கள் மன்னிக்கவும்.

சரி, கட்டடத்துக்கு வருகிறேன். சுமார் 11 அடிச் சதுரம், 18 அடி உயரம். ஐந்தில் இதுதான் சின்னது. பக்கத்தில் அதே மேடையில் நிற்கும் அர்ச்சுனன் ரதம் இரண்டு தளமும் எண்பட்டைச் சிகரமும் கொண்டது. தருமராஜன் ரதம் மூன்று தளம். நகுல சகாதேவ ரதம் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். இதில் மட்டும் தளம் என்ற பேச்சே இல்லை. நான்கு சுவர், மேலே நான்கு பக்கமும் வளைந்து இறங்குகிற கூரை. மூங்கில் வளைத்துக் கட்டி, கீற்றோ வைக்கோலோ வேய்ந்த ஒரு கிராமத்துச் சாமி கொட்டகை எப்படி இருக்குமோ அப்படியே கல்லில் எடுத்திருக்கிறார்கள். தங்கள் நிருபர் குடிசை என்று எழுதியதில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ஆனால் அது மனுஷி குடியிருக்கிற குடிசை இல்லை. இன்றைக்கும் எல்லையம்மனுக்கும் பிடாரிக்கும் வயல் ஓரத்தில் போடுகிற கூரைக்கோயில் அது. மரத்திலும் மூங்கிலிலும் கட்டியதெல்லாம் மக்கிப் போய்விட்டது. அந்தக் காலத்து அம்மன் கோயில் எப்படி இருந்தது என்று தெரிந்துகொள்ள நமக்கு மிச்சம் இருப்பது இந்தக் கல் பிரதிதான். கூரையின் மூலைகளில் கொடி போல வளைகிற கொடிக்கருக்கு அலங்காரம் ஓடுகிறதே, அதைக் கிட்டப் போய்ப் பாருங்கள். கீற்று விளிம்பு பிரிந்து போகாமல் இருக்க மூலையில் வைத்துக் கட்டுகிற பட்டையைத்தான் அலங்காரமாக மாற்றியிருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றும். மேடையின் அடியில் சிங்கங்களும் யானைகளும் தலை நீட்டிக்கொண்டு அந்தக் கோயிலைச் சுமக்கின்றன.

சின்னதாக இருப்பதற்கும் ஏதேதோ கதை சொல்கிறார்கள். பெண் என்பதால் சின்னதாகச் செதுக்கினார்கள் என்றுகூட ஒருவர் சொல்லக் கேட்டேன். தெற்கே உயர்ந்து வடக்கே சரிந்து வருகிற ஒரே பாறைத் தொடரை வெட்டித்தான் வரிசையாக நிற்கிற நான்கு ரதங்களையும் எடுத்திருக்கிறார்கள். தெற்கில் பாறை உயரம், அங்கே தருமராஜன். வடக்குக் கோடியில் பாறை தாழ்வு, அங்கே இவள். கல் கொடுத்த இடத்தில் கோயில் வந்தது. எங்கள் தொழிலில் இது தினமும் நடப்பதுதான்: முதலில் கல்லைப் பார், பிறகு சாமியை முடிவு செய். சிற்ப நூல்களில் தட்டிப் பார்த்து ஆண் கல், பெண் கல், அலிக் கல் என்று பிரிக்கச் சொல்வார்கள். அம்மனுக்குப் பெண் கல்தான் ஆகும். மலையையே கோயிலாக்கியவனுக்கு அந்தத் தேர்வுக்கு ஏது வழி?

அந்த வேலை எப்படி நடந்தது என்பதையும் ஊர் மலையிலேயே பார்க்கலாம். பாதியில் விட்ட குகைகளில், பாறை முகத்தில் கட்டம் கட்டமாக ஆழமான கோடு போட்டு, கட்டங்களை ஒவ்வொன்றாகத் தட்டி உடைத்து எடுத்திருக்கிறார்கள். ரதங்களை மேலிருந்து கீழே வெட்டிக்கொண்டு வந்தார்கள். அதனால்தான் தருமராஜன் ரதத்தில் மேலே எல்லாம் முடிந்து, கீழே வேலை மிச்சம் இருக்கிறது. இந்தக் கருங்கல்லில் உளி முனை நிற்காது. என் அப்பா காலத்தில் உளிகளை உலையில் காய்ச்சி அடிப்பதற்கென்றே பட்டறையில் ஓர் ஆள் இருப்பார். இப்போது கார்பைடு முனை வைத்த உளி வந்துவிட்டது, கட்டர் மிஷின் வந்துவிட்டது, தூசி நுரையீரலுக்குள் போகிறது. எங்கள் கல் சிற்பத்துக்கு 2017-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதைப் பற்றி வேறு ஒரு நாள் எழுதுகிறேன்.

நான் சொல்ல வந்தது இந்த ஒரு கோயிலோடு முடிவதில்லை. மாமல்லபுரத்தில் அர்ச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில், வெண்ணெய்ப் பாறை என்று எல்லோரும் ஒரு சுற்று சுற்றுகிறார்கள். அதே ஊரில் அம்மனுக்கென்று ஒரு சுற்று போகலாம். மலையின் மேற்குப் பக்கம் கோடிக்கால் மண்டபம் என்று ஒரு சிறிய குடைவரை இருக்கிறது. கருவறை காலி. ஆனால் வாசலில் ஆயுதத்தோடு நிற்கிற காவலர் இருவரும் பெண்கள். அதை வைத்தே அது துர்க்கை கோயில் என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். காலியான கோயில் என்று யாரும் அந்தப் பக்கம் திரும்புவதில்லை. சிலை இல்லாத கோயிலில் தெய்வம் யார் என்று வாசல்காரியைக் கேட்டுத் தெரிந்துகொள்கிற இடம் அது. பிள்ளைகளுக்கு நிச்சயம் பிடிக்கும்.

அங்கிருந்து மலை ஏறினால் கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்தில் மகிஷாசுரமர்த்தினி குகை. ஒரு பக்கச் சுவரில் பாம்பணையில் படுத்திருக்கும் பெருமாள், எதிர்ச்சுவரில் சிங்கத்தின் மேல் போருக்குப் போகும் துர்க்கை. ஒரு பக்கம் உறக்கம், எதிரே போர். நடுவில் நின்றுகொண்டு இரண்டு பக்கமும் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். துர்க்கைக்கு எட்டுக் கைகள். வில்லின் நாணைக் காது வரை இழுத்திருக்கிறாள். எதிரே மகிஷன், மனித உடம்பு, எருமைத் தலை, கையில் கதாயுதம், தலைக்கு மேல் ராஜாவுக்குரிய குடை. ஆளைப் பார்த்தால் அவளைவிடப் பெரியவன். ஆனால் அவன் உடம்பு பின்னால் சாய்ந்துவிட்டது. கால் போகிற திசையும் அதுதான். அவள் பக்கத்து எல்லோரும் முன்னால் சாய்கிறார்கள், அவன் பக்கத்து எல்லோரும் பின்னால் சாய்கிறார்கள். இன்னும் யாரும் அவனைக் கொல்லவில்லை. தோற்றுவிட்டான் என்று மட்டும் தெரிகிறது. தேவியின் பக்கத்தில் குள்ளப் பூதகணங்களோடு ஒரு பெண் வீராங்கனையும் சண்டை போடுகிறாள், கவனித்துப் பாருங்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு வாடிக்கையாளர் காலண்டர் படம் ஒன்றைக் கொண்டுவந்து, பதினெட்டுக் கை, சூலம் அசுரன் நெஞ்சில் பாய்ந்திருக்க வேண்டும், அம்மன் கண் உருட்டிப் பார்க்க வேண்டும் என்றார். அவரை இந்தக் குகைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அம்மா முகத்துல கோபமே இல்லையே" என்றார். கோபம் எதற்கு, ஜெயிக்கப் போகிறவளுக்கு? கடைசியில் அவர் கேட்டபடி பதினெட்டுக் கைதான் செய்து கொடுத்தேன், பிழைப்பு ஆயிற்றே. ஆனால் முகத்தை மட்டும் என் இஷ்டத்துக்கு விடச் சொன்னேன், விட்டார்.

அந்தச் சண்டையின் அடுத்த கட்டம் மாமல்லபுரத்துக்கு வடக்கே சாளுவன்குப்பத்தில் இருக்கிறது. அதிரணசண்ட குகைக்கு முன்னால் மணலில் கிடக்கிற ஒரு பாறையில், சின்னதாக அதே காட்சி. இங்கே தேவி சிங்கத்தைவிட்டு இறங்கிவிட்டாள், அசுரன் ஓடுகிறான். சுற்றுலா வண்டிகள் பக்கத்தில் இருக்கிற புலிக்குகையோடு திரும்பிவிடும். அந்தப் புலிக்குகையும் குகை அல்ல, புலியும் அல்ல. 11 யாளித் தலைகள் வட்டமாகச் சூழ, நடுவில் படி ஏறிப் போகிற ஒரு சிறு மாடம். அம்மன் விழாவுக்கான மேடை என்று கருதுகிறார்கள்.

வராக குகையிலும் ஒரு கொற்றவை இருக்கிறாள். அங்கே சிங்கத்தோடு மானும் உண்டு. தமிழ்க் கொற்றவைக்குக் கலைமான் ஊர்தி. காலடியில் தலை கொடுக்கிற வீரனும் இருக்கிறான். அப்புறம் கடற்கரைக் கோயில் வளாகத்தில் அந்தச் சிங்கம். சிங்கத்தின் நெஞ்சில் சதுரமாக ஒரு மாடம் குடைந்து, அதற்குள் தேவியை வைத்திருக்கிறார்கள். சிங்கத்தின் உடம்போடு ஒட்டி ஒரு பெண் உருவம், பக்கத்தில் தலை உடைந்த மான் ஒன்று. எல்லாக் கோயிலிலும் சாமிக்கு எதிரே வாகனம் நிற்கும். இங்கே வாகனமே கோயில். எத்தனையோ அம்மன் செய்திருக்கிறேன், இப்படி ஒரு யோசனை என் தலையில் உதித்ததில்லை.

வழிகாட்டிகளைக் குறை சொல்லி இதை எழுதவில்லை. அவர்களில் பலர் என் நண்பர்கள். ஐந்து ரதத்தையும் இருபது நிமிடத்தில் காட்டி முடி என்று வண்டிக்காரர் சொன்னால் அவர்கள் என்ன செய்வார்கள்? பாண்டவர் கதை எல்லோருக்கும் தெரியும், சொல்வது சுலபம். என் வேண்டுகோள் பள்ளிகளுக்கும் சுற்றுலா நடத்துகிறவர்களுக்கும்தான். திரௌபதி ரதம் மேற்கு பார்த்தது. முக்கால்வாசிக் கூட்டம் காலை பத்து, பதினொரு மணிக்கு வருகிறது. அப்போது வெயில் கோயிலின் முதுகுப் பக்கம். கருவறை இருட்டு, எட்டிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது. போன் விளக்கை அடித்துப் பார்த்தால் சிற்பம் தட்டையாகத் தெரியும். மாலை நாலரைக்கு மேல் வாருங்கள். புரட்டாசி, பங்குனி மாதங்களில் சூரியன் ஏறக்குறைய நேர் மேற்கில் இறங்கும். மேகம் இல்லாத நாளில் வெயில் வாசல் வழியாகப் பின்சுவர் வரை போகும். அந்தப் பையன் கேட்ட வாளும் கழுத்தும் அப்போது தெளிவாகத் தெரியும். நவராத்திரி வருவதும் புரட்டாசியில்தானே. ஆறு மணியோடு மூடிவிடுகிறார்கள், ஆகவே சாலையில் இளநீர் குடிப்பதையெல்லாம் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். திரௌபதி ரதம் என்ற பெயரை இனி மாற்ற முடியாது, மாற்றவும் வேண்டாம். பேருந்து நடத்துநர் முதல் பாடப்புத்தகம் வரை பழகிவிட்டது. அடுத்த நவராத்திரிக்கு அம்மன் கோயில் பட்டியல் போடும்போது அதையும் ஒன்றாகச் சேர்த்து, உள்ளே இருப்பவள் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். படம் போடுவதாக இருந்தால் கூரையும் சிங்கமும் மட்டும் தெரிகிற படம் வேண்டாம், அது எல்லோரிடமும் இருக்கிறது. வாசலுக்கு நேரே நின்று, சாயங்கால வெயிலில், உள்ளே இருக்கிறவள் தெரிகிற மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். தங்கள் புகைப்படக்காரர் வருகிற நாளைச் சொன்னால் கூட வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சிற்பி,
மாமல்லபுரம்.